உப்புவெளிப் ‘பூ அக்கா’வின் துணிப்பூக்கள்: முகம் அழகு, முதுகு பலவீனம்

சென்ற ஐப்பசியில் அண்ணனின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது, அவளுக்கும் தட்டம் ஏந்தும் ஐந்து பிள்ளைகளுக்கும் கொண்டையில் வைப்பதற்குத் துணிப்பூக்கள் செய்விக்க வேண்டியிருந்தது. மல்லிகைச் சரம் இருக்கத் துணிப்பூ எதற்கு என்று அம்மா பிடிவாதமாக நின்றார். காலையில் சூடும் சரம் மத்தியானப் புழுக்கத்தில் வாடிவிடுவதையும், படம் எடுப்பவர் எப்போதும் அதற்குப் பின்னரே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதையும் சொன்னபின்னர்தான் அரைமனத்துடன் இணங்கினார்.

திருகோணமலை நகரக் கடைகளில் ஆயத்தப் பூக்கள் கிடைக்காமல் இல்லை. ஆனால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. நிறமும் நம் சாறிக்கு ஒத்துவருவதில்லை. சாறியிலிருந்தே துணி எடுத்துப் பூச் செய்து தருபவர் ஒருவர் உப்புவெளியில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறார் என்று அயலவர் ஒருவர் சொல்லித் தேடிப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது, ‘பூ அக்கா வீடு’ என்று கேட்டால் முச்சக்கரவண்டிக்காரர் கொண்டுபோய் விடுகிறார். முன் விறாந்தையில் ஒரு மேசை, ஒரு தையல் இயந்திரம், நிறம்வாரியாகத் துணித்துண்டுகள் அடைத்த பிஸ்கற் தகரங்கள், அவ்வளவுதான் தொழிற்கூடம்.

நான் கொண்டுபோனது சாறியின் முனையில் சட்டைக்கென்று விட்டிருந்த துணியில் மிஞ்சிய முக்கால் மீற்றர் துண்டு. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி மெழுகுதிரியில் காட்டினார். “நூலை எரிச்சுப் பாத்தாத்தான் தங்கச்சி துணியின்ர குணம் தெரியும்” என்றார். இழை சுருண்டு, கடுகளவு கட்டியாக இறுகியது. அது பொலியெஸ்டர் என்பதற்கு அடையாளம். தூய பட்டாக இருந்திருந்தால் தலைமயிர் கருகும் மணம் எழுந்து, விரலால் நசுக்கினால் தூளாகும் சாம்பல் மிஞ்சியிருக்கும். பட்டுச்சாறி என்று சொல்லி விற்ற கடைக்காரரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஆயினும் பூவுக்கு அதுவே நல்லதாகிவிட்டது. செயற்கை இழையின் ஓரம் வெப்பத்தில் உருகி ஒட்டிக்கொள்வதால் நூல் பிரியாது. பட்டும் பருத்தியும் உருகாமல் எரிவதால், அவற்றின் ஓரத்தை மடித்துத் தைக்கவோ பசை தடவவோ வேண்டும்.

இதழ்களை அவர் நூலோட்டத்துக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் வெட்டுகிறார். அப்படி வெட்டினால் துணி இழுபட்டு வளைந்துகொடுக்கும், ஓரமும் குறைவாகவே பிரியும். பின்னர் ஒவ்வோர் இதழையும் சாமணத்தால் பிடித்துச் சுடருக்கு மேலே அல்லாமல் சுடரின் பக்கவாட்டில் ஒரு நொடி காட்டுகிறார். மேலே பிடித்தால் புகைக்கரி படிந்து வெளிர்நிறத் துணி கறுத்துவிடுமாம். அந்த ஒரு நொடியில் விளிம்பு உள்நோக்கிச் சுருங்கி, தட்டையாகக் கிடந்த துண்டு கிண்ணம்போல் குழிகிறது. இவ்வாறு சிறிதும் பெரிதுமான பதினெட்டு இதழ்களைச் சிறியதிலிருந்து அடுக்கி, நடுவில் மூன்று மணிகளை வைத்துத் தைத்தபோது, என் சாறியின் அரக்கு நிறத்தில் ஒரு பூ என் கண்முன்னே விரிந்தது. யப்பானியர் ‘கன்சாஷி’ என்று சொல்லும் கொண்டை அணிகலன்களில் வருவதுபோல், சிறு சதுரத் துணியை மடித்துக் கிள்ளி ஒவ்வோர் இதழாக ஆக்கும் வேலையும் அவருக்குக் கைவந்திருக்கிறது. தட்டம் ஏந்திய பிள்ளைகளுக்கு அந்த வகையையே தேர்ந்தோம். கனமில்லாதபடியால் சிறுபிள்ளைகளின் மெல்லிய முடியிலும் வழுகாமல் நின்றது.

இவ்வளவு பொறுமையான கை, பூவைத் திருப்பிப் பார்த்தால் ஏனோ அவசரப்பட்டிருக்கிறது. பின்புறத்தில் வட்டத்துணி வைத்துத் தைப்பதற்குப் பதிலாக, ‘குளூ கன்’ என்ற பசைத் துப்பாக்கியால் சூடான பசையை நேரே கிளிப்பின்மேல் இட்டு ஒட்டியிருந்தார். வழுவழுப்பான உலோகத்தில் அந்தப் பசை பற்றாது. வெயிலில் நின்றால் இளகவும் செய்யும். சடங்கன்று ஆலாத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளையின் பூ கழன்று தட்டத்துக்குள் விழுந்தது. ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு சித்தி ஓடிவந்திராவிட்டால் அந்தப் பிள்ளை அழுதிருப்பாள்.

கிளிப்புகளும் மலிவானவை. மேற்பூச்சு மெல்லியதான இரும்புக் கிளிப் கடற்காற்றும் மாரிமழையும் சேர்ந்த நம் ஊரில் எத்தனை நாள் தாங்கும்? மூன்று கிழமைகளுக்குள் வில்லிலும் மூட்டிலும் துருப்பிடித்து, தந்தநிறப் பூ ஒன்றின் அடியில் கபிலக் கறை ஏறிவிட்டது, கழுவியும் போகவில்லை. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பை நாமே வாங்கிக் கொடுத்தால், அதன்மேல் முதலில் றிபன் சுற்றி, பூவை அந்த றிபனோடு சேர்த்துத் தைத்துத் தருவதாகச் சொன்னார். அப்படியே செய்வித்த இரண்டு பூக்கள் தை முடிந்தும் அசையாமல் இருக்கின்றன. கேட்டால் செய்யத் தெரிந்த ஒன்றைக் கேளாமலே செய்திருக்கலாம் என்பதே என் குறை.

பெரிய பூ ஒன்றுக்கு 650 ரூபாவும், சிறியதற்கு 300 ரூபாவும் கொடுத்தேன். கடைப் பூவைவிட இது அதிகம்தான். ஒரு பெரிய பூவுக்கு ஒன்றரை மணித்தியாலம் செல்வதை இருந்து பார்த்தவள் என்ற முறையில் விலையைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. தவணை விடயத்தில்தான் கவனம் தேவை. புதன்கிழமை தருவதாகச் சொன்னவை சடங்குக்கு முதல்நாள் இரவு எட்டு மணிக்கே கைக்கு வந்தன. ஆகவே, இரண்டு கிழமை முந்தியே துணியைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவர் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் படலையைத் தட்டிப் பயனில்லை.