ஹைப்ரிட்டா, ரோடு பைக்கா? முதல் ட்ரையத்லானுக்கு வாங்குவதும் வாங்காமல் விடுவதும்

ட்ரையத்லானைத் தமிழில் மும்முனைப் போட்டி என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தச் சொல்லைத் தேர்தல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் ட்ரையத்லான் என்றே வைத்துக்கொள்வோம். முதன்முறை இறங்குகிறவர்களுக்கு ஏற்றது 'ஸ்பிரின்ட்' தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இங்கே ஒப்பிடுவதெல்லாம் இந்த அளவை மனத்தில் வைத்துத்தான். 90 கி.மீ. மிதிக்க வேண்டிய கோவா 'அயர்ன்மேன் 70.3' போன்ற நெடுந்தூரப் போட்டிக்குக் கணக்கு வேறு.

பணத்தை விழுங்குவது சைக்கிள்தான். அன்றாட ஓட்டத்துக்கான ஹைப்ரிட், தார்ச்சாலை வேகத்துக்கான ரோடு பைக், தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடுவதற்கான டைம் டிரையல் பைக் என்று மூன்று வகை கண்முன் நிற்கும். மூன்றாவதை உடனே தள்ளிவிடலாம். முழங்கையை ஊன்றிக் கிடையாகப் படுத்து மிதிப்பதற்கான வண்டி அது. அந்த நிலையில் பிரேக் கைக்கு எட்டாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென்று குறுக்கே வரும் மாட்டையும் போலீஸ் தடுப்பையும் அது அறியாது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு மிதிக்க அனுமதிக்கும் போட்டிகளில் அந்த வண்டிக்கு இடமும் இல்லை.

உண்மையான சண்டை மற்ற இரண்டுக்கும் இடையில்தான். மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போகும்போது கால் செலவிடும் பலத்தில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போகிறது. அந்தக் காற்றைத் தடுத்து நிற்பதில் பெரும்பங்கு சைக்கிளுக்கு அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு. ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில் உடம்பைத் தாழ்த்துகிறது. ஹைப்ரிட்டின் நேர் ஹேண்டிலோ நெஞ்சைப் பாய்மரம்போல விரித்து வைக்கிறது. ஹைப்ரிட்டில் 25-இல் போகிற எனக்கு, அதே மூச்சில் ரோடு பைக்கில் 27 வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 20 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 48 நிமிடம் 44 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது, அவ்வளவுதான். அந்த மூன்றரை நிமிடத்துக்கு ஹைப்ரிட்டின் விலையைப்போல இரண்டு மடங்காவது எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ரோடு பைக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. அதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு ஞாயிறு காலை உத்தண்டி தாண்டிப் பின்டயர் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் ட்யூபை வெளியே இழுத்து, வால்வைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், ஊசியா?" என்றார். ரோடு பைக் ட்யூபில் இருப்பது பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வு. அவருடைய கம்ப்ரசர் குழாயின் வாய் மோட்டார் சைக்கிளுக்கானது. ஓட்டையை அழகாக ஒட்டிவிட்டார். காற்றைத்தான் ஏற்ற முடியவில்லை. விரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளை அடாப்டர் இருந்திருந்தால் போதும். இல்லாததால் ஆட்டோவுக்குள் சைக்கிளை மடித்துத் திணிக்க நானும் கடைக்காரரும் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப்போவதில்லை. பல ஹைப்ரிட்களில் மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற வால்வு இருப்பதால் எந்தக் கடையிலும் காற்று ஏறும்.

ஆகவே கையில் ஹைப்ரிட் இருந்தால் அதிலேயே போட்டிக்குப் போங்கள். டயரை மட்டும் மாற்றுங்கள். தடித்த, பட்டை பட்டையான டயரைக் கழற்றிவிட்டு 32 மி.மீ. வழுவழுப்பான டயர் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். கையில் எந்தச் சைக்கிளும் இல்லை, அடுத்த ஆண்டும் இந்தப் பித்து தொடரும் என்று உறுதியாகத் தெரிகிறது என்றால் ரோடு பைக். அப்போதும் எடை பார்த்து வாங்காமல் உயரம் பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோ குறைந்த வண்டியைவிட உங்கள் கால் நீளத்துக்குச் சரியான சட்டமே வேகமானது.

பெடலில் எனக்குக் குழப்பமே இல்லை. காலணியைக் கொக்கியில் மாட்டும் பெடல் நீண்ட தூரத்துக்கு நல்லது. ஆனால் முதல் வாரத்தில் சிக்னலில் கால் கழலாமல் அப்படியே சாய்ந்து விழாத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சாதாரணப் பெடல் என்றால் ஓடும் ஷூவிலேயே மிதித்து, இறங்கியதும் அதிலேயே ஓடலாம். மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

நீச்சல் கண்ணாடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வேளச்சேரி நீச்சல் குளத்தில் பழகும்போது நிறமற்ற கண்ணாடி போதும். கடலில் அதே கண்ணாடியோடு இறங்கினால் தெரியும் சங்கதி. வங்கக் கடலில் காலையில் கரையிலிருந்து உள்ளே நீந்துவது என்றால் நேராகச் சூரியனை நோக்கித்தான். மிதவை எந்தப் பக்கம் என்றே தெரியாது. இருண்ட கண்ணாடியோ பளபளக்கும் பூச்சுள்ள கண்ணாடியோ வாங்குங்கள். கடையிலேயே பட்டையை மாட்டாமல் கண்மேல் வைத்து அழுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். ஒரு நொடியாவது ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு அது பொருந்தும்.

வெட்சூட் வேண்டவே வேண்டாம். நீந்தும்போது உடம்புச் சூட்டைக் காக்கும், குளிர்ந்த நாடுகளுக்கான ரப்பர் உடை அது. உலக ட்ரையத்லான் அமைப்பின் விதிப்படி, 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் பொதுப் பிரிவினருக்கு நீரின் வெப்பம் 22 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தடை. சென்னைக் கடல் அவ்வளவு குளிர்வது ஏது?

அதில் மிச்சமாகும் பணத்தில் டிரை சூட், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் மாற்றாமல் அணியும் ட்ரையத்லான் உடை, வாங்கலாம். சைக்கிள்காரர்களின் அரைக்கால் சட்டையில் உள்ள தடித்த பஞ்சு கடல்நீரைக் குடித்துக்கொண்டு 5 கி.மீ. ஓட்டத்திலும் கூடவே வரும். டிரை சூட்டின் மெல்லிய பஞ்சு சீக்கிரம் காய்ந்துவிடும். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்ததா, இரண்டு துண்டா என்றால் இரண்டு துண்டே என் தேர்வு. போட்டிக்கு முந்தைய அரைமணி நேரத்தில் கழிப்பறை வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் புரியும். எதை அணிந்தாலும் கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவாமல் உப்புநீரில் இறங்காதீர்கள்.

ஓடும் ஷூவுக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 20,000 ரூபாயைத் தாண்டும் கார்பன் தகடு வைத்த ஷூவைவிட, பழகிய பழைய ஷூவில் இழுபடும் ரப்பர் நாடாவைக் கோத்தது மேல். நனைந்த விரலால் முடிச்சுப் போட முயன்று பார்த்தால் தெரியும்.

கடைசியாக, போட்டிக்கு முந்தைய நாள் ஹேண்டிலின் இரு முனையிலும் அடைப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் முனை விழும்போது உடம்பில் குத்தும் என்பதால், அடைப்பான் இல்லாத சைக்கிளைப் பரிசோதனையில் உள்ளே விடமாட்டார்கள். காலை ஐந்து மணிக்கு அதை விற்கும் கடை எதுவும் திறந்திருக்காது.