படகுக்குத் தாவர இழையா, கண்ணாடி இழையா?

தென்னை நார்க் கயிறு உப்புநீரில் கிடந்தும் எளிதில் மட்காது என்பது கடலோடிகள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அதே நாரைப் பிசினில் தோய்த்துப் படகு கட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கயிறு நனைந்தால் உப்பிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அதற்குத் தடையேதும் இல்லை. பிசினுக்குள் இறுகிவிட்ட நாருக்கு அந்த வசதி கிடையாது.

சிக்கலின் வேர் தாவர இழையின் முதன்மைப் பொருளான செல்லுலோஸில் இருக்கிறது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டங்கள்) நீரைப் பிடித்துக்கொள்ளும். உப்பிய இழை சுற்றியுள்ள பிசினை நெருக்கி நுண்விரிசல் உண்டாக்கும். காயும்போது சுருங்கிப் பிசினைவிட்டுப் பிரியும். அந்த இடுக்கு வழியே அடுத்த முறை நீர் இன்னும் விரைவாக ஏறும். பிசினில் வார்த்த நல்ல கண்ணாடி இழைத் தகடு பொதுவாகத் தன் எடையில் 1 சதவீதத்தை ஒட்டியே நீர் உறிஞ்சும். லினன் துணிக்கு நார் தரும் ஆளி, சணல் ஆகியவற்றின் இழைத் தகடுகள் பல மடங்கு குடிக்கும். 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. பெரும்பாலும் முதலில் சரிவது வலிமையைவிட விறைப்புதான்.

உலர்ந்த நிலையில் மட்டும் எடைபோட்டால் ஆளி இழை அசத்தும். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், கண்ணாடிக்கு 2.5-க்கு மேல். எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் இரண்டும் அருகருகே நிற்கும்; அதிர்வை அடக்குவதில் ஆளிக்கே முதலிடம். விளம்பரக் கையேடுகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். தாவர இழைகளுக்குள் ஒரு முரணும் உண்டு: தாவரத்துக்குக் கடினத்தன்மை தரும் லிக்னின் மிகுந்த தென்னை நார் மட்க நாளாகும், ஆனால் வலுக் குறைவு, லிக்னின் குறைந்த ஆளி வலுவானது, ஆனால் பூஞ்சைக்கு எளிய இரை.

கண்ணாடி இழைப் படகும் குறையற்றதன்று. பாலியெஸ்டர் பிசினுக்குள் ஊடுருவும் நீர், அங்கே கரையக்கூடிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டு சவ்வூடு அழுத்தத்தால் கொப்புளமாகப் புடைக்கும். உடைத்தால் காடி நெடி வீசும். இதற்குப் பழி ஏற்க வேண்டியது பெரும்பாலும் பிசின்தான். வினைல் எஸ்டர், எபாக்சி ஆகிய பிசின்கள் நன்றாகத் தாங்குகின்றன. 1960-களில் வார்த்த பல படகுகள் இன்றும் மிதக்கின்றன. தாவர இழையிடம் காட்ட அப்படி ஒரு நீண்ட வரலாறு இல்லை.

செயற்கை இழை என்றாலே நீர் ஏறாது என்பதும் பிழை. கெவ்லர் போன்ற அராமிட் இழை ஈரம் உறிஞ்சும், வெயிலில் நலியும். கார்பன் இழைக்கு நீரால் கேடில்லை. ஆனால் கடல்நீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த உலோகத்தை அரித்துவிடும்.

2022-இல் பிரெஞ்சுப் படகோட்டி ரோலன் ஜூர்தென், ஆளி இழை பெருமளவு கலந்து கட்டிய இரட்டைஉடல் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கும் 'ரூட் தியு ரம்' பந்தயத்தில் ஓடினார். அரிய சாதனைதான். ஆயினும் ஒரு பந்தயத்தை முடிப்பது வேறு, இருபது ஆண்டுகள் நீரிலேயே ஊறிக்கிடப்பது வேறு.

ஆகவே நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே என் தேர்வு வினைல் எஸ்டரில் வார்த்த கண்ணாடி இழை. மேல்தளம், மூடிகள், உள்ளறைப் பலகைகளுக்கு ஆளி தாராளமாகப் போதும். அவற்றின் வெளித்தோலில் ஓர் அடுக்கு கண்ணாடி இழை சேர்த்தால் இன்னும் நல்லது. ஆளி இழையைக் காரக் கரைசலில் கழுவுவதும், இழையைப் பிசினோடு பிணைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசுவதும் நீர் ஏறும் வேகத்தைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. வெட்டிய விளிம்பும் துளையும்தான் நீருக்குத் திறந்த வாசல். ஆளித் தகட்டில் துளையிட்டால், திருகாணியை முடுக்கும் முன் துளையின் உட்சுவரில் எபாக்சி தடவிக் காயவிடுங்கள்.