கட்டடங்களைக் காணப் போகும் ஊர்: இண்டியானாவின் கொலம்பஸ் குறித்து ஒரு மதிப்புரை

இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து தெற்கே லூயிவில் நோக்கிச் செல்லும் 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 45 மைல் சென்றால் கொலம்பஸ் வருகிறது. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் இந்தச் சிறு நகரில் அருவியோ, கடற்கரையோ, பெரிய கேளிக்கைப் பூங்காவோ கிடையாது. நூலகம், தீயணைப்பு நிலையம், வங்கி, தேவாலயம், பள்ளிக்கூடம் என எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே இங்கே வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த அக்கட்டடங்களுள் ஏழு, அமெரிக்க அரசால் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. மிட்வெஸ்ட் பகுதியில் வாழும் நம்மவர்கள் நீண்ட வார இறுதி என்றால் சிகாகோவையும் ஸ்மோக்கி மலையையும் தாண்டி யோசிப்பது குறைவு. அவர்களுக்கு இந்த ஊரை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதைவிட எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே பயணம் நிறைவளிப்பதையும் ஏமாற்றமளிப்பதையும் முடிவு செய்கிறது. அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு இப்படியொரு வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டு போவது நல்லது. டீசல் எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனம் 1919-இல் இங்குதான் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இன்றும் இங்குதான் இருக்கிறது. அந்நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஜே. இர்வின் மில்லர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊரில் பிள்ளைகள் பெருகிப் புதிய பள்ளிகள் தேவைப்பட்டபோது ஒரு திட்டத்தை முன்வைத்தார். நகரம் தன் பொதுக் கட்டடத்தைக் கட்டும்போது, தேர்ந்த கட்டடக் கலைஞர்களின் பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவருக்குரிய வடிவமைப்புக் கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை செலுத்திவிடும். கட்டுமானச் செலவும் முடிவெடுக்கும் உரிமையும் மக்களிடமே இருந்தன. அந்த ஏற்பாட்டில் ஹாரி வீஸ் வடிவமைத்த முதல் பள்ளி 1957-இல் திறக்கப்பட்டது. பிறகு பள்ளிகள், தீயணைப்பு நிலையங்கள் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நல்ல பள்ளியும் நல்ல நூலகமும் இருக்கும் ஊருக்குத்தான் நல்ல பொறியாளர்கள் குடிவருவார்கள் என்ற தொழில் கணக்கும் அதில் இருந்தது. அப்படிக் குடிவந்தவர்களில் இந்தியப் பொறியாளர்களும் பலர் என்பதால் நகரின் தெருக்களில் நம் முகங்களைக் காண்பது அரிதல்ல.

பயணத்தை ஐந்தாம் தெருவில் உள்ள வருகையாளர் மையத்திலிருந்து தொடங்குவதே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் வீடொன்றில் இயங்கும் அம்மையத்தின் உள்ளே டேல் சிஹூலியின் கண்ணாடிச் சிற்பங்கள் இருக்கின்றன, வரைபடம் கிடைக்கும், வழிகாட்டியுடன் கூடிய சுற்றுலாக்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. வெளியே வந்தால் சில அடி தூரத்தில் மூன்று பெரும் படைப்புகள் ஒரே சதுக்கத்தைச் சுற்றி நிற்கின்றன. தெருவின் ஒரு பக்கம் ஈலியேல் சாரினென் வடிவமைத்து 1942-இல் நிறைவுற்ற முதலாம் கிறிஸ்தவ தேவாலயம், எதிரே ஐ. எம். பெய் வடிவமைத்து 1969-இல் திறக்கப்பட்ட கிளியோ ரோஜர்ஸ் நினைவு நூலகம். நூலக முற்றத்தில் ஹென்றி மூர் செய்த இருபதடி உயர வெண்கல வளைவு. இந்த ஒரு சதுக்கத்துக்காகவே நெடுந்தொலைவு கார் ஓட்டி வரலாம் என்பது என் உறுதியான கருத்து.

தேவாலயத்தை முதலில் வெளியிலிருந்து நிதானமாகப் பார்க்க வேண்டும். முகப்பில் அலங்காரம் என்று எதுவுமில்லை. சுண்ணாம்புக்கல் பதித்த தட்டையான சுவரில் நடுவிலிருந்து விலகி ஒரு சிலுவை மட்டுமே இருக்கிறது. கட்டடத்தின் பக்கத்தில் 166 அடி உயரச் செங்கல் கோபுரம் தனித்து நிற்கிறது. அமெரிக்காவில் நவீன பாணியில் எழுந்த முதல் தேவாலயங்களுள் இது ஒன்று. கோதிக் வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமே தேவாலயம் என்று பழகியிருந்த ஒரு சிற்றூர்ச் சபை, அக்காலத்தில் இதற்கு இசைந்தது எவ்வளவு பெரிய துணிவு என்பதை அங்கே நிற்கும்போதுதான் உணர முடிகிறது. உள்ளே செல்ல அனுமதி கிடைத்தால் தவறவிடக் கூடாது. நீண்ட வெண்ணிறக் கூடத்தில் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சமும், சாரினென் தம்பதியர் வடிவமைத்த மலைப்பிரசங்கத் திரைச்சீலையும் பேச்சைத் தானாகவே அடக்கிவிடுகின்றன. இங்குள்ள அறைகலன் வேலையில் ஈலியேலின் மகன் ஈரோ சாரினெனும் சார்லஸ் ஈம்ஸும் பங்கு பெற்றார்கள். இளைஞர்களாக இருந்த ஈரோவும் மில்லரும் நண்பர்களானதும் இந்தத் தேவாலயம் எழுந்த காலத்தில்தான். அந்த நட்பே பின்னால் ஒரு வங்கியாகவும் ஒரு வீடாகவும் மற்றொரு தேவாலயமாகவும் உருப்பெற்றது.

நூலகத்துக்குள் நுழைவதற்குக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. பார்வையாளராக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிறிது நேரம் உட்காருங்கள். பெய் இந்த நூலகத்தை ஒரு பெட்டகம்போல் எழுப்பாமல், எதிரே உள்ள கோபுரத்துக்கு இடம் விட்டுத் தாழ்வாகவும் அகலமாகவும் அமைத்தார். செங்கல் முற்றத்தை வெறுமையாக விடாமல் அதற்கு ஒரு பெரிய சிற்பம் வேண்டும் என்று கருதியவரும் அவரே. அதற்கிணங்க மில்லர் தம்பதியர் மூரின் வளைவைக் கொடையாக அளித்தார்கள். 1971-இல் நிறுவப்பட்ட அந்த வளைவுக்கடியில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதை யாரும் தடுப்பதில்லை. அருங்காட்சியகங்களில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தும் கலைப்பொருளைத் தொட்டுத் தடவிப் பார்க்கலாம் என்பது பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அங்கிருந்து வாஷிங்டன் தெருவுக்கு நடந்து சென்றால் ஈரோ சாரினென் 1954-இல் கட்டி முடித்த இர்வின் யூனியன் வங்கிக் கட்டடம் வரும். தூண் வரிசையும் இரும்புக் கம்பிக் கூண்டுகளுமாக மக்களை மிரட்டிய அக்கால வங்கிகளுக்கு மாறாக, நான்கு புறமும் கண்ணாடிச் சுவர், மேலே தட்டையான கூரையில் ஒன்பது வட்டக் குவிமாடங்கள், சுற்றிலும் மரங்கள் என்று அமைந்த கூடம் இது. பின்னாளில் இது கம்மின்ஸின் கூட்ட அரங்காகப் பயன்பட்டது. உள்ளே போவது எளிதல்ல. கண்ணாடிச் சுவர் என்பதால் வெளியிலிருந்தே பெரும்பகுதி தெரிகிறது.

மில்லரின் வீடுதான் இந்த ஊரின் மணிமகுடம். ஈரோ சாரினென் கட்டடத்தையும், அலெக்சாண்டர் ஜிரார்ட் உள் அலங்காரத்தையும், டான் கைலி தோட்டத்தையும் வடிவமைத்தார்கள், 1957-இல் நிறைவுற்றது. மில்லர் தம்பதியரின் மறைவுக்குப் பின் இண்டியானாபொலிஸ் கலை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வந்து, 2011-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேரே காரில் போய் இறங்க முடியாது. வருகையாளர் மையத்தில் முன்பதிவு செய்து, அவர்களுடைய வண்டியில் சிறு குழுவாகத்தான் போக வேண்டும். இடங்கள் குறைவாதலால் பயண நாளை முடிவு செய்வதற்கு முன்பே இந்தச் சீட்டை வாங்கிவிட வேண்டும். சீட்டுக் கிடைக்கும் நாளுக்கு ஏற்பப் பயணத்தை அமைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வீடு ஒரே தளம் கொண்டது. நான்கு மூலைகளில் பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும், விருந்தினருக்கும், சமையலுக்குமாகத் தனித்தனிப் பகுதிகள். நடுவே எல்லோரும் கூடும் பெரிய கூடம். தாழ்வாரங்களும் நடுமுற்றமுமாக அமைந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டத்தின் உள்நோக்கம் விளக்காமலே புரியும். வெள்ளை எஃகுத் தூண்கள் தாங்கும் கூரையின் இடைவெளிகளில் நீள்கோடுகளாக அமைந்த கண்ணாடிகள் வழியே வெயில் இறங்கி, நேரத்துக்கு ஏற்பச் சுவர்களில் நகர்கிறது. கூடத்தின் தரையைப் பள்ளமாக்கி அதில் மெத்தைகளையும் திண்டுகளையும் இட்டு, குடும்பம் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு இடம் செய்திருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் அந்த உறைகளின் வண்ணத்தை மாற்றுவதும் ஜிரார்டின் திட்டத்தில் அடங்கியிருந்தது. ஐந்து பிள்ளைகள் வளர்ந்த வீடு என்பதை அங்குள்ள ஒவ்வொரு பொருளும் சொல்கிறது. ஒருபுறச் சுவர் முழுவதையும் நிறைக்கும் அலமாரியில் புத்தகங்களும் உலகின் பல மூலைகளிலிருந்து சேகரித்த நாட்டுப்புறப் பொம்மைகளும் கலந்து அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தபோது, செல்வத்தைக் காட்டுவதற்கும் செல்வத்தால் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு நன்கு விளங்கியது. தோட்டத்துக்குப் போதிய நேரம் தருவதில்லை என்பது இச்சுற்றுலாவில் எனக்குள்ள ஒரே குறை. வரிசையாக நட்ட மரங்களும் வேலிச் செடிகளும் வீட்டின் அறைகளைப்போலவே வெளியையும் பிரித்துக் காட்டும் விதத்தை உணர, இன்னும் கொஞ்சம் தனியே நடக்க விட்டால் நன்றாக இருக்கும்.

ஊரின் மற்றக் கட்டடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் கார் கட்டாயம் தேவை. ஈரோ சாரினென் தம் மறைவுக்கு முன் வடிவமைத்து, 1964-இல் நிறைவுற்ற வடக்குக் கிறிஸ்தவ தேவாலயம் அறுகோண வடிவமானது. அதன் கூரை தரையிலிருந்து மெல்ல எழுந்து 192 அடி உயர ஊசிக் கோபுரமாக முடிகிறது. அங்கு வழிபட்டு வந்த சபை 2022-இல் கலைந்துவிட்டதால், உட்புறத்தைப் பார்க்க முடியுமா என்பதை வருகையாளர் மையத்தில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ராபர்ட் வெஞ்சூரி 1967-இல் அமைத்த நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம். நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் உயர்ந்த பகுதியின் மேல் பெரிதாக ‘4’ என்ற எண்ணை எழுதி, அதையே கட்டடத்தின் முகமாக்கிவிட்டார் வெஞ்சூரி. இன்றும் அது தீயணைப்பு நிலையமாகவே இயங்குகிறது. பள்ளிகளுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

சிறு பிள்ளைகளுடன் வருபவர்கள் காலையிலேயே கட்டடங்களை முடித்துக்கொண்டு நடுப்பகலில் வாஷிங்டன் தெருவுக்கு வந்துவிடலாம். காமன்ஸ் என்ற பொதுக் கூடத்தில் ழான் டிங்கெலியின் முப்பதடி உயர இரும்புச் சிற்பம் சக்கரங்களும் உருண்டைகளுமாக ஓடிக்கொண்டிருக்கும். அதே கூடத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடவும் இடம் உண்டு, கட்டணம் இல்லை. அதே தெருவில் 1900-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வரும் ஜஹாரகோஸ் ஐஸ்கிரீம் கடைக்கு நான் தயக்கமின்றி முழு மதிப்பெண் தருவேன். பளிங்குபோன்ற கல் பதித்த பழைய சோடா மேடையும் செதுக்கிய மர வேலையும் தாமாகவே இசைக்கும் பெரிய இசைப்பெட்டியும் அங்கே பேணிக் காக்கப்படுகின்றன. இடையில் சில ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட கடை இது. வார இறுதி மதியங்களில் காத்திருக்க நேரிடும்.

மாலையில் நீதிமன்ற வளாகத்திலுள்ள போர் வீரர் நினைவிடத்துக்குச் செல்லுங்கள். நாற்பதடி உயரமுள்ள இருபத்தைந்து சுண்ணாம்புக்கல் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும்போது கரடுமுரடாகத் தெரியும் கல், உள்ளே நுழைந்ததும் வழவழப்பாகிறது. அந்த வழவழப்பில் உயிரிழந்த வீரர்களின் பெயர்களும் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் பகுதிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து சிறிது தூரத்தில் மில் ரேஸ் பூங்கா இருக்கிறது. இரு ஆறுகள் கூடுமிடத்தில் வெள்ளம் வந்தால் மூழ்கும் தாழ்நிலத்தை, வெள்ளத்தைத் தாங்கும்படியே திட்டமிட்டு 1992-இல் பூங்காவாக்கினார்கள். நடைபாதைகள் நன்றாக இருக்கின்றன.

சேவையைப் பற்றிச் சில குறைகளையும் சொல்ல வேண்டும். பேருந்தில் ஊரைச் சுற்றிக் காட்டும் சுற்றுலா, முதன்முறை வருவோருக்கு வரலாற்றை எளிமையாக விளக்குகிறது. ஆனால் பல கட்டடங்களைச் சன்னல் வழியே காட்டிக் கடந்துவிடுவதால் அதை மட்டும் நம்பி வருவது போதாது. அதில் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொண்டு, பிடித்தவற்றுக்கு மீண்டும் தனியே செல்வதே பயன் தரும். ஞாயிறன்று பல இடங்கள் மூடியிருக்கும், தேவாலயங்களில் வழிபாடு நடக்கும். ஆகவே வெள்ளியன்று விடுப்பு எடுத்து வர முடிந்தால், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிலையிலேயே இந்தக் கட்டடங்களைக் காணலாம். கட்டடங்களில் ஈடுபாடு இல்லாதவர்களை வற்புறுத்தி அழைத்து வந்தால் அரை நாளில் அவர்கள் சோர்ந்துவிடுவார்கள். அவர்களுக்காக மேற்கே 46-ஆம் எண் சாலையில் உள்ள பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சுமார் 16,000 ஏக்கர் பரப்புள்ள, இண்டியானாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்காவான அங்கு அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது கூட்டம் அலைமோதும். அந்த மாதத்தில் வருவதானால் தங்கும் விடுதியை மிக முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

வழிகாட்டிச் செயலியில் ஊரின் பெயரோடு இண்டியானா என்று சேர்த்தே தேடுங்கள். இல்லையேல் அது ஓஹியோ மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்கு அழைத்துச் சென்றுவிடும். சிகாகோவிலிருந்து வருபவர்கள் கிழக்கு நேரத்துக்குள் நுழைவதால் ஒரு மணி நேரத்தை இழப்பார்கள் என்பதையும் மில்லர் வீட்டுச் சீட்டு வாங்கும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.