உவர்மலைக்கு எந்தத் தொலைநோக்கி: லென்ஸா, ஆடியா?

ஓய்வு பெற்ற கையோடு தொலைநோக்கி வாங்கப் போகிறேன் என்று போன கிழமை இன்னொருவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார். இத்தோடு மூன்று பேர். மூவருக்கும் ஒரே கேள்விதான்: பெட்டி மாதிரித் தாங்கியில் நிற்கிற ஆறு அங்குல ஆடித் தொலைநோக்கியான டொப்சோனியனா, 90 மில்லிமீற்றர் லென்ஸ் குழாயா? வெளியில் யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு டொப்சோனியன் என்பார்கள். நான் லென்ஸ் பக்கம். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு பக்கம் சாய்ந்துவிட்டான் என்று குறை சொல்லக்கூடாது.

நான் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியதே 2022 பங்குனியில். மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன காலம் அது. மின்விசிறி இல்லாமல் வீட்டுக்குள் படுக்க முடியாது, பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால், ஊரே இருண்டு கிடக்க, மேற்கே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் சரிந்து நிற்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் தென்கிழக்கில் தெற்குச் சிலுவை எழும்புகிறது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இதைப் பார்க்கவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வெட்கத்தில் அவசரப்பட்டுக் கொழும்பில் ஒருவரிடம் 114 மில்லிமீற்றர் ஆடித் தொலைநோக்கி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இன்று நான் சொல்வதெல்லாம் அது படிப்பித்த பாடம். அதன் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். திருகோணமலை எட்டரைப் பாகை அகலாங்கில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும், அதாவது நிலாவெளிப் பக்கத்துத் தென்னைகளுக்கும் புகாருக்கும் பின்னால். அச்சைக் கிட்டத்தட்டப் படுக்கப் போட வேண்டியிருக்கும், அப்படிப் போட்டால் எதிர்ப்பாரத் தண்டு போய் முக்காலியின் காலில் முட்டும். ஐரோப்பாக்காரருக்குச் செய்த சாமான். இந்தத் தாங்கியை இங்கே யாரும் வாங்க வேண்டாம், அதில் அலசுவதற்கு எதுவுமில்லை.

தாங்கியாவது எரிச்சலோடு போயிற்று. ஆடிக்கு நடந்ததுதான் முக்கியம். இரண்டு மாரி கழிந்து ஒருநாள் ஆடியைக் கழற்றி, பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அலுமினியப் பூச்சு முழுக்க ஊசித்துளை, ஓரத்தில் தேமல் மாதிரி ஒரு படை. துளை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் மின்ன, அந்தக் கண்ணாடியிலேயே ஒரு பால்வீதி தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். உவர்மலை என்ற பெயரிலேயே உவர் இருக்கிறது. கடல் மூன்று பக்கமும். உப்புக் காற்றும் இரவுப் பனியும் சேர்ந்தால் யன்னல் கம்பியே நிற்காது, மயிரிழையிலும் மெல்லிய பூச்சு எங்கே நிற்கப்போகிறது? மறுபடி பூச்சுப் போடுவதென்றால் வெற்றிடக் கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவிட வேண்டும். அது நம்முடைய வெல்டிங் கடை வேலை இல்லை.

அதனால்தான் இரண்டாவது தடவை லென்ஸ் குழாய் வாங்கினேன். 90 மில்லிமீற்றர் விட்டம், 900 மில்லிமீற்றர் குவியத் தூரம், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்புகிற சாதாரணத் தாங்கி. இதிலுள்ள ஒரே பெரிய வசதி, இரண்டு பக்கமும் மூடலாம். முன்னால் லென்ஸே மூடிமாதிரி நிற்கிறது. பின்னால், கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் போடும் ஒன்றேகால் அங்குல ஓட்டையில், சரியாக நுழைகிற மருந்துப் போத்தல் ஒன்றில் நாலைந்து துளை போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் நிரப்பிச் செருகிவிடுகிறேன். குழாய்க்குள் இருக்கிற காற்று உலர்ந்தே இருக்கும். குருணை செம்மஞ்சளாக இருந்தால் நல்லம், கரும்பச்சையாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்தால் திரும்பவும் செம்மஞ்சள். முதல்முறை வறுத்தபோது மனைவி எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, அது என்ன கடலைப்பருப்போ?" என்றார். அன்றிலிருந்து அதற்கென்று ஒரு தனிச் சட்டி.

லென்ஸின் வெளி முகத்தில் உப்புப் படியும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஊதுபந்தால் தூசைத் தள்ளிவிட்டு, வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒற்றி எடுத்தால் போதும், கண்ணாடி கண்ணாடிதானே. பனி விழுந்தால் துடைக்கவே கூடாது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், நம் மச்சில் அது லென்ஸில்தான் முதலில் இறங்கும். உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக் காற்றில் தானாகக் காயவிட்டு அதன்பிறகே மூடவேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் முன்னால் சோடியாக நிற்கிற இரண்டு லென்ஸுக்கும் இடையில் பிடித்துவிட்டால் நாம் கழற்றித் துடைக்கிற இடமில்லை. லென்ஸ் குழாயின் உண்மையான ஆபத்து இதுதான். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் மூன்று வருட அனுபவம்தான் என்னுடையது. பத்து வருடத்துக்குப் பிறகு என்ன கதை சொல்வேனோ.

இனி டொப்சோனியன். கன்னியாவில் இருக்கிற என் மச்சானிடம் ஆறு அங்குலம் ஒன்று இருக்கிறது. இதை வடிவமைத்த ஜோன் டொப்சன் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், பழைய கப்பல் யன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். துறைமுக ஊர்க்காரருக்கு இந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது. ஆறு அங்குல ஆடி என் லென்ஸைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு ஒளியைச் சேர்க்கும். அந்த வித்தியாசத்தைப் போன வைகாசியில் கண்ணாலேயே பார்த்தேன். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நம்முடைய தெற்கு வானில் முப்பத்துநாலு பாகை வரை ஏறும். என் குழாயில் அது பஞ்சுத் துண்டு. அவனுடையதில் கறுப்புத் தட்டில் ரவை கொட்டினமாதிரி, மணி மணியாக. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

"மச்சான், இதைப் பார்த்தபிறகும் உன்ர குழாய்தான் திறமோ?" என்றான். பதில் சொல்லாமல் பிளேன்டீயைக் குடித்தேன்.

இன்னொன்றிலும் அவன் பக்கம்தான் நியாயம். நம் ஊரில் வியாழனும் சனியும் பெரும்பாலும் உச்சிக்குக் கிட்டவே போகின்றன. டொப்சோனியனில் ஐபீஸ் குழாயின் மேல் நுனியில் இருப்பதால் உச்சியைப் பார்க்க ஒரு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தால் சரி. லென்ஸ் குழாயில் ஐபீஸ் தரைப்பக்கம் இறங்கிவிடும், நான் தேங்காய் துருவுகிற பலகையில் குந்தியிருந்துதான் பார்க்கிறேன். முழங்கால் நோ உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மச்சான் வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, அதுவும் முற்றத்தில் வைத்துப் பார்க்கிறான். அந்தச் சாமான் பதினைந்து கிலோவுக்குக் குறையாது, என் வீட்டில் பத்தொன்பது படி. அதன் அடிப்பெட்டி மரத்தூள் பலகை, ஒட்டுத்தாள் உரிந்த மூலையில் ஈரம் ஏறி இப்போதே பிஸ்கற் மாதிரி ஊதியிருக்கிறது. குழாயின் வாய் திறந்தது, குளிக்கும்போது தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியைத்தான் அதற்கு மாட்டி வைத்திருக்கிறான். தொப்பி தூசைத் தடுக்கும், உப்பைத் தடுக்குமா? ஆடியை நேர்ப்படுத்துகிற வேலையும் இருக்கிறது. திருகு குழாயின் அடியில், பார்க்கிற ஓட்டை ஒரு மீற்றருக்கு மேலே. கை எட்டாது. அவன் பார்த்துக்கொண்டு "இடது, இடது, போதும்" என்று கத்த நான் திருகியதுண்டு. தனியாக இருப்பவர் என்ன செய்வார் தெரியவில்லை, நேர்ப்படுத்துகிற லேசர் ஒன்று வாங்கவேண்டும்.

கன்னியா, பாலம்போட்டாறு மாதிரி உள்பக்கம் வீடும் முற்றமும் இருந்தால் டொப்சோனியனே வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். உவர்மலை, உப்புவெளி, கடற்கரைப் பக்கம் என்றால் லென்ஸ். நிலா, வியாழனின் நாலு பெரிய துணைக்கோள், ஓரியன் நெபுலா என்ற ஒளிமுகில் இவ்வளவுக்கும் 90 தாராளம். 2025-இல் சனியின் வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்ற வருடம். அதன் கடைசியில் 90 மடங்கு பெரிதாக்கிப் பேத்திக்குக் காட்டினேன். "அம்மப்பா, மணியில நூல் கோத்திருக்கு" என்றாள். வெள்ளியைச் சுற்றி ஊதா ஓரம் கொஞ்சம் தெரியும், அது லென்ஸின் குணம், ஆடியில் இல்லை. பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று போட்டிருப்பதை இரண்டிலுமே நம்பவேண்டாம். 90 மில்லிமீற்றருக்கு 180 மடங்கே உச்சம், அதுவும் காற்று அசையாத இரவில். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 90 மடங்குக்கே படம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும்.

இரண்டுமே யோசனையாக இருந்தால் 10x50 பைனாகுலரோடு, அதாவது பத்து மடங்கு, 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரு வருடம் ஓட்டுங்கள். 7x50 வேண்டாம். அதிலிருந்து வரும் ஒளிக்கற்றை ஏழு மில்லிமீற்றர் அகலம், அறுபதைத் தாண்டியவர் கண்மணி பெரும்பாலும் ஐந்து மில்லிமீற்றர் அளவுக்குத்தான் விரியும், மீதி வீண். வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியத் திருகி அதைச் சரிசெய்துவிடும்.

வந்தவருக்கு வீடு உட்துறைமுகத்தைப் பார்த்தபடி. லென்ஸ் என்று முடிவெடுத்தார், எந்த அளவு என்று மகனிடம் கேட்டுச் சொல்வாராம். போகும்போது அந்தப் பழைய 114-ஐக் காட்டச் சொன்னார். ஆடியை முகச்சவரக் கண்ணாடியாகக்கூட வைத்திருக்க முடியவில்லை, எறிந்துவிட்டேன். முக்காலி மட்டும் ஸ்டோர் அறையில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், திருகாணிக்கு மண்ணெண்ணெய் கொண்டுவாருங்கள்.