‘ஓவர்ஹால் செய்த எஞ்சின்’ என்று சொல்லி 28,000 டாலரை விழுங்கிவிட்டார்கள்

சிறிய விமானம் வைத்திருப்பவர்கள், வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். 28,000 டாலர். என் செஸ்னா 172-க்கு முழுதாக ஓவர்ஹால் (பிரித்துச் சோதித்துப் புதுப்பித்தல்) செய்த எஞ்சின் என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, சிலிண்டரை மட்டும் மாற்றி வெளியே பெயின்ட் அடித்த எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டார்கள். சில நாள் முன்புதான் மெக்கானிக் எஞ்சினின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். அன்றிலிருந்து தூக்கமில்லை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் விமானத்தில் இருப்பது லைகமிங் ஓ-320 எஞ்சின். 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனம். மணி நேரம் நெருங்கிவிட்டது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷனும் இறங்கிக்கொண்டே வந்தது. தெரிந்த பட்டறைகளில் எல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அதனால்தான் பழைய விமானங்களும் உதிரிபாகங்களும் விற்கிற ஒரு ஆன்லைன் சந்தைக்குப் போனேன். பட்டறை வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு விற்பனையாளர், நிறைய நல்ல மதிப்பீடுகளோடு இருந்தார்.

அவர் ஃபோனில் பேசிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விலையைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மேலே இருக்கிறது, விமானம் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து அதுதான் முதலில் துருப்பிடிக்கும், அதனால் கேமும் அது தள்ளுகிற டேப்பெட்டும் புதிது போட்டிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். சொன்னது அத்தனையும் தொழில் தெரிந்தவன் பேச்சு. படங்கள் அனுப்பினார்: நட்டுகளைச் சரியாக இறுக்கியாயிற்று என்று காட்ட அவற்றின் மேல் போடும் ஆரஞ்சு நிற டார்க் சீல் கோடு, ஓரத்தில் ஒரு மஞ்சள் டேக், அதாவது பட்டறை சோதித்த பாகத்தோடு கொடுக்கும் அட்டை. கடைசியாக, “குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் பறக்கப் போறீங்க சார், இதுல போய் நான் ஏமாத்துவேனா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் பணத்தை அனுப்பினேன். பாதி முன்பணம், மீதி லாரியில் ஏற்றும் முன். மொத்தம் 28,000 டாலர். போதாததற்கு என் பழைய எஞ்சினையும் ‘கோர்’ (மாற்றாகக் கொடுக்கும் பழைய எஞ்சின்) என்று வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டி வந்தது. கூடவே பளபளவென்று புது லாக்புக் (எஞ்சினின் பராமரிப்புப் பதிவேடு). முதல் பக்கத்தில் மூன்றே வரி: தயாரிப்பாளர் கையேட்டின்படி ஓவர்ஹால் செய்யப்பட்டது, எல்லா ஏ.டி.களும் (விமானத் துறை கட்டாயமாக்கும் பாதுகாப்பு உத்தரவுகள்) நிறைவேற்றப்பட்டன, ஜீரோ டைம் (ஓடிய மணி நேரம் பூஜ்யம்). எந்த ஏ.டி., எந்தத் தேதியில், எப்படி என்று ஒன்றுமில்லை. பழைய லாக்புக்கைக் கேட்டால் முந்தைய ஓனரிடம் தொலைந்துவிட்டதாம். வேலை விவரத் தாள்கள் தபாலில் வருகின்றனவாம். அந்தத் தபால் இன்றுவரை வரவில்லை.

‘ஜீரோ டைம்’ என்று எழுத அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படி தயாரிப்பாளருக்கும் அவர் அங்கீகரித்த நிறுவனத்துக்கும்தான் உரிமை, அதுவும் மறுகட்டுமானம் செய்த எஞ்சினுக்கு மட்டும். சாதாரணப் பட்டறை ஓவர்ஹால் செய்தால் மொத்த மணி நேரம் அப்படியே தொடரும். எஞ்சினைப் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்து, தேவையானதைப் பழுதுபார்த்து, மறுபடி பூட்டி, ஓட்டிப் பார்த்தால்தான் ‘ஓவர்ஹால்’ என்ற வார்த்தையையே பதிவேட்டில் எழுதலாம். வாயால் சொன்னால் ஆகிவிடாது.

எஞ்சினை மாட்டிப் பறந்த பிறகு, முதல் எண்ணெய் மாற்றத்தில் எண்ணெய் ஃபில்டரை வெட்டி விரித்தோம். புது சிலிண்டர் படியும் வரை நுண்ணிய மினுமினுப்பு கொஞ்சம் வரும், அது சகஜம். இங்கே மடிப்புகளுக்குள் நகத்துணுக்கு அளவில் செதில்கள். காந்தத்தைக் காட்டியதும் ஒட்டிக்கொண்டன. ஸ்டீல். அந்த இடத்திலேயே பறப்பதை நிறுத்தினோம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். புது எஞ்சினில் அப்படித்தான் வரும், ஓட்டுங்கள் என்றார். அடுத்த தடவை, நீங்கள் ஊற்றிய எண்ணெய் சரியில்லை என்றார். நான் ஊற்றியது அவரே சொன்ன மினரல் ஆயில்! அப்புறம் ஃபோனையே எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது, உங்கள் செலவில் எஞ்சினைக் கழற்றி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். மறுபடி அவர் கையிலேயே கொடுப்பதா? அதனால் என் மெக்கானிக்கே ஆக்சஸரி கேஸை (எஞ்சினின் பின்பக்க உறை) திறந்தார்.

புரொப்பெல்லரைச் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஒரு கியர். ஒரே ஒரு போல்ட்டும் ஒரு சின்ன டவல் பின்னும் (நகராமல் நிறுத்தும் உலோக முளை)தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. போல்ட் கழலாமல் இருக்க ஒரு லாக் பிளேட், அதன் விளிம்பை மடித்துப் பூட்டுவார்கள். ஒருமுறை மடித்ததைத் திரும்பப் போடக்கூடாது. என்னுடையதில் அந்தத் தகட்டில் இரண்டு இடத்தில் மடித்து நிமிர்த்திய தடம். டவல் பின் ஆடுகிறது. கியர் பற்கள் உதிர்ந்திருக்கின்றன. புரொப்பெல்லர் பூட்டும் முன்பக்க ஃபிளேஞ்சில் டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்துச் சுற்றினால் தண்டின் ஆட்டம் வரம்பைத் தாண்டுகிறது. இந்த எஞ்சினின் புரொப்பெல்லர் எப்போதோ தரையில் அடித்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். அப்படி அடித்தால் இந்தக் கியரைச் சோதித்து, போல்ட்டையும் லாக் பிளேட்டையும் புதிதாக மாற்றச் சொல்லி ஒரு ஏ.டி.யே இருக்கிறது, எண் 2004-10-14. அதைத்தான் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள்.

அந்தக் கியர் விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? கேம்ஷாஃப்ட், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோ, எண்ணெய் பம்ப் எல்லாம் அதிலிருந்துதான் சுழல்கின்றன. இரண்டு மேக்னெட்டோ இருந்தும் பயனில்லை, எஞ்சின் அப்படியே நின்றுவிடும். என் மகளை அதில் உட்கார வைத்துப் பறந்திருக்கிறேன். 28,000 டாலர் ஒரு பக்கம் இருக்கட்டும், இதை நினைத்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

மஞ்சள் டேக்கில் இருந்த பட்டறையையும் மெக்கானிக் விசாரித்தார். அவர்கள் கிராங்க்கேஸில் (எஞ்சினின் வெளிக்கூடு) விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்ததோடு சரி, ஓவர்ஹாலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லையாம்.

படங்களோடு விற்றவருக்கு எழுதினேன். பதில் இரண்டு வரி: வேறொருவர் திறந்துவிட்டதால் வாரண்டி செல்லாது. திறக்காவிட்டால் ஆதாரமில்லை, திறந்தால் வாரண்டி இல்லை. ஆன்லைன் சந்தைக்காரர்களோ, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, புகார் செய்யும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அந்த விளம்பரக் கணக்கு இன்னும் இருக்கிறது, இன்னொரு எஞ்சினும் போட்டிருக்கிறார்கள். எஃப்.ஏ.ஏ.வுக்குப் புகார் எழுதியாயிற்று. பராமரிப்புப் பதிவில் பொய் எழுதினால் சான்றிதழையே ரத்து செய்யலாம் என்று அவர்கள் விதி சொல்கிறது. ஆனால் 28,000 டாலர் திரும்பி வருமா என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பழைய லாக்புக் இல்லாத எஞ்சினுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ‘எல்லா ஏ.டி.யும் ஆயிற்று’ என்ற வரியை ஏற்காதீர்கள். எண், தேதி, செய்த முறை, கையெழுத்துப் போட்டவரின் சான்றிதழ் எண் எல்லாம் வேண்டும். மஞ்சள் டேக் எந்தப் பாகத்துக்கு, என்ன வேலைக்கு என்று அதைக் கொடுத்த பட்டறையிடமே கேளுங்கள். மீதிப் பணத்தை உங்கள் மெக்கானிக் காகிதங்களைப் பார்த்த பிறகு கொடுங்கள். இதே மாதிரி எஞ்சினை ஏற்கெனவே மாட்டியிருந்தால், அடுத்த தடவை பறப்பதற்கு முன் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்.