‘ஜே கே பி ஓ’ என்று வாசித்த தளம்: ஓர் இணையத்தளத் திருத்தச் சேவை பற்றிய மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில் சக்கர நாற்காலிகளையும் வெண்பிரம்புகளையும் இரவலாகக் கொடுத்துவரும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் இணையத்தளத்தை மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி திருத்தித் தருவதற்காக, நகரிலுள்ள வடிவமைப்பு நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். மூன்று மாத வேலை, 85,000 ரூபாய், இரண்டு தவணை. அந்நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாமல் விடுவதற்குக் காரணம், நான் சொல்லப்போகும் குறைகளில் ஒரு பங்கு எங்களுடையது என்பதே.

முதலில் நோயைச் சொல்ல வேண்டும். மூதூரில் வசிக்கும், பார்வையை முற்றாக இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். கணினித் திரையிலுள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். “தம்பி, உங்கட தளம் நல்லா எழுத்துக்கூட்டி வாசிக்குது. ஆனால் எந்த மொழியெண்டுதான் எனக்கு விளங்கேல்ல” என்றார். காரணம் பாமினி எழுத்துரு. எங்கள் பழைய பக்கங்கள் அனைத்தும் பாமினியில் தட்டச்சிடப்பட்டவை. கண்ணுக்கு அவை தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமே. ‘தமிழ்’ என்ற சொல் அந்த மென்பொருளின் காதுக்கு ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’. இலங்கையில் அச்சகம் முதல் அலுவலகம் வரை பாமினியிலேயே பழகிவிட்ட நமக்கு இது பிழையாகத் தோன்றியதே இல்லை. கூகுள் தேடலில் எங்கள் பக்கங்கள் அகப்படாமற்போனதற்கும் இதுவே காரணம் என்பது பின்னர்தான் உறைத்தது.

இந்த ஒரு வேலையை நிறுவனத்தினர் மிக நன்றாகச் செய்தார்கள். ஏறக்குறைய 140 பக்கங்களை, தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே கணினி அறிந்துகொள்ளும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றினார்கள். மாற்றுக் கருவி ஆங்கிலம் எது, பாமினி எது என்று பிரித்தறியாது. ஆகவே எங்கள் மின்னஞ்சல் முகவரிகளும் கொடையாளர்களின் ஆங்கிலப் பெயர்களும் முதற்சுற்றில் அர்த்தமற்ற தமிழெழுத்துக் குவியல்களாகிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் திருத்திய இளைஞரின் பொறுமைக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் இருந்த குறியையும் அவர் தமிழாக மாற்றினார். அதன்பின் ஆசிரியரின் கணினி தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறி வாசித்தது. அந்தக் குரல் சற்று இயந்திரத்தனமானதுதான். ஆயினும் சொல் சொல்லாக விளங்கியது.

சக்கர நாற்காலி கோரும் விண்ணப்பப் படிவமும் உருப்பட்டது. முன்பு பெயர், முகவரி, தொலைபேசி ஆகியவை கட்டங்களுக்குள் மங்கலாக எழுதப்பட்டிருந்தனவே தவிர, கட்டத்தோடு இணைந்த தலைப்புகளாக இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைச் சொல்கிறது. மவுசைத் தொடாமல் விசைப்பலகையாலேயே இறுதிவரை செல்ல முடிகிறது. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் சோதனைப் படமும் நீக்கப்பட்டது. பார்வையற்றவர் உதவி கேட்டு வரும் வாசலில் அப்படியொரு படத்தை மாட்டி வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இனிக் குறைகள். தொடக்கத்தில் அவர்கள் எங்களுக்கு விற்க முயன்றது இந்த வேலையையே அல்ல. பக்கத்தின் மூலையில் மனித உருவச் சின்னமாக ஒட்டிக்கொள்ளும், ஆண்டுச் சந்தா கேட்கும் ஒரு செருகுநிரலை. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச இணைய நெறிமுறைக்கு இணங்கிவிடும் என்றார்கள். அத்தகைய விளம்பரத்துக்காகவே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் ஒரு நிறுவனத்தை 10 இலட்சம் டொலர் செலுத்தச் சொன்னது. செயற்குழுவில் ஒருவர் அதை வாசித்திருந்ததால் நாங்கள் தப்பினோம். அந்தச் செருகுநிரலில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் பாமினி ஒருங்குறியாக மாறிவிடாது.

படத்தைக் காண முடியாதவருக்கு அதைச் சொல்லால் விவரிக்கும் மாற்று உரை இரண்டாவது குறை. முகப்பில் கோணேசர் மலையும் நகரத் தெருவில் திரியும் மான்களும் இருக்கின்றன. உள்ளே பயனாளிகளின் படங்கள் ஏராளம். முன்பு திரைவாசிப்பான் கோப்பின் பெயரையும் எண்ணையும் ஒப்பித்தது. திருத்திய பிறகு எல்லாவற்றுக்கும் ‘படம்’ என்றது. தானியங்கிச் சோதனை அதை ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் உரை இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கும், அதில் பொருள் இருக்கிறதா என்பதை அல்ல. படத்தில் இருப்பவர் யார், எதற்காக இருக்கிறார் என்பது எங்களுக்குத்தானே தெரியும் என்று அவர்கள் சொன்னது நியாயமே. ஆனால் அதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: வெள்ளைப் பின்னணியில் இளஞ்செம்மஞ்சள் எழுத்து, அந்தச் சர்வதேச நெறிமுறையின் 2023 ஒக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பு சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டை எட்டவில்லை. அதை மாற்ற நிறுவனத்துக்கு ஒரு மணி நேரமும், சின்னத்தின் நிறத்தில் உறுதியாக இருந்த எங்கள் தலைவரைச் சம்மதிக்க வைக்க மூன்று கூட்டங்களும் தேவைப்பட்டன.

எனக்குள்ள பெரிய மனக்குறை, மாற்றுத்திறனாளி ஒருவரைக்கூட உட்காரவைத்துச் சோதிக்காமல் ‘வேலை முடிந்தது’ என்று கணக்குச் சீட்டை அனுப்பியதே. இரண்டாம் தவணையை நிறுத்திவைத்து, ஆசிரியரிடமே படிவத்தைக் கொடுத்தோம். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை அவர் விட்டுவிட்டபோது கட்டம் சிவப்பானது, வேறெதுவும் நடக்கவில்லை. ‘அனுப்பு’ பொத்தானை ஏழு தடவை அழுத்தியும் என்ன பிழையென்று அவருக்குத் தெரியவில்லை. பிழையைச் சொல்லாலும் அறிவிக்கும்படி மறுநாளே திருத்தித் தந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பணத்தை அன்றே கொடுத்துவிட்டோம்.

வேறு சங்கங்கள் இவர்களை அமர்த்தலாமா என்றால், அமர்த்தலாம். அந்தச் சோதனையை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி, சோதிப்பவருக்கான கொடுப்பனவையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டறிக்கைகளைத் திருத்துவதையும் மறவாமல் அதில் எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை, அதனால் ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றிய எங்கள் கணக்கறிக்கைகள் திரைவாசிப்பானுக்கு இன்னமும் வெற்றுத் தாள்களாகவே இருக்கின்றன.