பிளைத்பர்க் தேவாலயம்: அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம்

இங்கிலாந்தின் சஃபோக்கில், பிளைத் ஆற்றுச் சதுப்பு நிலத்தின் ஓரம் நிற்கும் 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம்தான் முதலில் தாக்கியது. இரு பக்கமும் மேல்வரிசை ஜன்னல்கள், பெரும்பாலும் நிறமில்லாத கண்ணாடி.

மேலே மரக்கூரையில் சிறகு விரித்த தேவதூதர்கள். பழைய வண்ணம் மங்கினாலும் இன்னும் ஒட்டியிருக்கிறது. சிற்பங்களில் ஈயக் குண்டுகள் கிடைத்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளைச் சுட்டபோது பட்டவை என்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அப்புறம் பெஞ்சுகள். ஓரக்கட்டைகளில் பாவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்: பணப்பெட்டிமேல் உட்கார்ந்த பேராசைக்காரன், தொப்பையைப் பிடித்த பெருந்தீனிக்காரன், படுக்கையை விட்டு எழாத சோம்பேறி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தச் சோம்பேறிதான்.

வடக்குக் கதவில் கருகிய தடங்கள் உண்டு. 1577 ஆகஸ்ட் 4 புயலில் ஒரு மனிதரும் ஒரு சிறுவனும் இங்கே இறந்தார்கள். அந்தத் தடங்கள் கருப்பு நாய் வடிவில் வந்த சாத்தானின் நகக்கீறல் என்பது ஊர்க்கதை. அந்தக் கதவருகே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

ஒரு மணி நேரம் போதாது, அரை நாள் ஒதுக்குங்கள்.